மடிக்கு வந்த ஓணான்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையை நாம் எல்லோரும் சொல்லுவோம். சொல்கிறவர் எப்போதும் மடிக்காரர் பக்கம்தான். குடைச்சல் முழுவதும் அவருக்கு. வேலியை விட்டு வந்த ஓணானுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. கொழும்புத் தொடர்மாடிகளில் இப்போது கேட்கவேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்று, ஐந்தாம் மாடி. வரவேற்பறை மூலையில் கண்ணாடித் தொட்டி. அதற்குள் முழ நீளத்தில், மணல் நிறத்தில், கழுத்தைச் சுற்றி முள்முள்ளாய்த் தாடி வைத்த ஒரு பிராணி. மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. கண்கள் குழிவிழுந்துவிட்டன. பின்னங்கால் விரல்களில் ஒரு துடிப்பு. வளர்க்கிற பையன் அழாத குறை. "பூச்சியைப் பிடிச்சு வாய்க்குள்ள வையடா" என்கிறார் அப்பா. "பரசிற்றமோல் சிரப் ஒரு துளி குடுத்துப் பாருங்கோவன்" என்கிறார் பக்கத்து வீட்டு அன்ரி. "ஃபானை நிப்பாட்டு தம்பி, அதுக்குக் குளிருது போல" என்கிறார் அம்மம்மா.

மூன்று யோசனைகளில் ஒன்று சரி. மற்ற இரண்டும் அதன் உயிருக்கே உலை வைக்கலாம். ஏன் என்று விளங்கிக்கொண்டால் ஊர்வனவற்றின் உடலியலில் பாதி விளங்கிவிடும்.

வெளியே இருக்கும் பாதி உடம்பு

ஆங்கிலத்தில் அதன் பெயர் பியர்டட் டிராகன். விஞ்ஞானப் பெயர் பொகோனா விட்டிசெப்ஸ். டிராகன் என்ற பெயரைக் கேட்டு மிரளவேண்டியதில்லை. மதிலில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் நம் ஓணானும் அதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். தாடி ஓணான் என்று சொன்னால் போதும். சொந்த ஊர் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. தன் காட்டு விலங்குகளை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை அந்த நாடு 1960களிலேயே நிறுத்திவிட்டது. இன்று உலகெங்கும் செல்லப்பிராணியாக விற்கப்படுபவை, எப்படியோ வெளியேறிவிட்ட சிலவற்றிலிருந்து ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூண்டுக்குள் பெருக்கப்பட்டவை.

பாடப் புத்தகம் இவற்றைக் குளிர்க்குருதி விலங்குகள் என்று சொல்லித் தந்தது. அந்தச் சொல் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நண்பகலில் வெயில் காயும் தாடி ஓணானின் குருதி 35, 36 பாகை செல்சியஸ் இருக்கும். ஏறக்குறைய நம்முடைய சூடுதான். வேறுபாடு அடுப்பு எங்கே இருக்கிறது என்பதில். நமக்கு அடுப்பு உள்ளே. தின்பதில் பெரும்பங்கை அந்த அடுப்பே எரித்துவிடுகிறது. ஓணானுக்கு அடுப்பு வெளியே: வெயிலும், வெயிலில் காய்ந்த கல்லும், காய்ந்த வேலிக் கதியாலும். சூடு வேண்டுமென்றால் வெயிலுக்கு நகரும். போதுமென்றால் நிழலுக்கு இறங்கும். அடுப்புக்கு விறகு தேடாததால், அதே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவையான சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோடு அதன் நாள் கழிந்துவிடுகிறது. சிக்கனமான வாழ்க்கை, ஆனால் அதன் உடம்பின் பாதியை வேலிதான் வைத்திருக்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தாடி ஓணானின் முட்டையே சாட்சி. ஆணா பெண்ணா என்பதை அதற்கும் நிறமூர்த்தங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் முட்டை ஏறத்தாழ 32 பாகைக்கு மேல் அடைகாக்கப்பட்டால், ஆணுக்குரிய நிறமூர்த்தங்களோடு இருக்கும் கருவும் பெண்ணாகவே பொரித்து வெளியே வரலாம். காட்டிலும் இது நடக்கிறது என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் நேச்சர் இதழில் காட்டினார்கள். பிறப்பையே சூழலின் சூடு மாற்றுகிறதென்றால் நோயை மாற்றாதா?

காய்ச்சலைத் தேடிப் போகும் பல்லியினம்

நமக்கு நோய்க்கிருமி தொற்றினால் மூளை உள் அடுப்பைக் கூட்டுகிறது, காய்ச்சல் வருகிறது. உள்ளே அடுப்பே இல்லாத பிராணிக்குக் காய்ச்சல் எப்படி வரும்? 1970களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மத்தியூ க்ளூகரும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பாலைவன இகுவானா என்ற பல்லியினத்துக்குப் பக்டீரியாவைச் செலுத்தினார்கள். ஒரு பக்கம் வெப்பமும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக இருந்த கூண்டில், நோயுற்றவை தாமாகவே வழக்கத்தைவிட இரண்டு பாகை அளவு சூடான இடத்தைத் தேடிப் போய் இருந்தன. காய்ச்சல் அவற்றுக்குத் தானாக வரவில்லை. அவை நடந்து போய் அதை எடுத்துக்கொண்டன.

1975இல் சயன்ஸ் இதழில் வெளியான அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. கிருமி ஏற்றிய இகுவானாக்களை 34 முதல் 42 பாகை வரை வெவ்வேறு நிலையான வெப்பநிலைகளில் அடைத்து வைத்தார்கள். 34 பாகையில் இருந்தவற்றில் ஒன்றும் தப்பவில்லை. 42 பாகையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. மறு ஆண்டு, கிருமி தொற்றியவற்றுக்கு அஸ்பிரின் வகையைச் சேர்ந்த காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் காய்ச்சல் தணிந்தவை இறந்தன. மருந்தையும் மீறிச் சூட்டைத் தேடிப் போனவை பிழைத்தன.

எல்லா ஊர்வனவும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில இனங்களில் இந்த நடத்தை தென்படவில்லை. என்றாலும் ஒன்று உறுதி. வெண்குருதிக் கலங்கள், சமிபாட்டு நொதியங்கள், ஈரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளும் வேகம், எல்லாமே உடற்சூட்டைப் பொறுத்தவை. குளிர்ந்து கிடக்கும் ஓணானுக்கு மிகச்சிறந்த நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தாலும் அது பாதி வேலைதான் செய்யும்.

இப்போது வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். அப்பாவின் பூச்சி ஏன் ஆபத்து? சூடில்லாத வயிற்றில் அது செரிக்காது; அங்கேயே கிடந்து அழுகும். அன்ரியின் சிரப்? மனிதருக்கு அளந்த மருந்து, சில நூறு கிராம் எடையும் மெதுவான ஈரலும் கொண்ட பிராணிக்கு நஞ்சாகலாம். அதோடு அது அணைக்கப் பார்ப்பது, பிராணி தேடிக்கொண்டிருக்கும் சூட்டை. ஃபானை நிறுத்தச் சொன்ன அம்மம்மாதான் சரியான திசையைக் காட்டியவர். ஊர்வன பார்க்கும் வைத்தியர்களின் வரிசையும் இதுவே: முதலில் சூடு, பிறகு நீர், அதற்குப் பிறகே உணவு.

கொழும்பு வெக்கை போதாதா?

"இந்த வெக்கைக்குள்ள அதுக்கு என்ன குளிர்?" என்று யாருக்கும் தோன்றும். கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 27, 28 பாகையைச் சுற்றியே நிற்கிறது. நமக்கு வியர்த்துக் கொட்டும். 35 பாகை உடம்பு தேவைப்படும் பாலைவனப் பிராணிக்கோ அது விடியற்காலைக் குளிர். குளிரூட்டி போட்ட அறையென்றால் கேட்கவே வேண்டாம். மறுபக்கம், நம் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். அதற்குப் பழக்கமானது அதில் பாதி. கொழும்பு அதற்குச் சூட்டில் குறைவு, ஈரத்தில் மிகுதி.

ஆகவே தொட்டியின் ஒரு முனையில் வெப்ப விளக்கு. அதன் கீழே ஒரு கல் அல்லது கட்டை. அந்தக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை. மறுமுனை 25, 27 பாகையில் விடப்படவேண்டும். நோயாளி என்று தொட்டி முழுவதையும் சூடாக்கினால், போதும் என்று விலகிப்போக அதற்கு இடம் இருக்காது. தன் காய்ச்சலைத் தானே அளந்துகொள்ளும் உரிமையைப் பறித்ததாகிவிடும். விளக்கைத் தொட்டுவிடாதபடி வலை வேண்டும். மின்சாரத்தால் சூடாகும் கற்கள் வயிற்றைச் சுட்டுவிடும், வேண்டாம். வெப்பமானியை அது படுக்கும் இடத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும். நம் உள்ளங்கை நம்பத்தக்க வெப்பமானியாகாது.

வெயில்தான் இலவசமாயிற்றே என்று கண்ணாடித் தொட்டியைப் பல்கனி வெயிலில் வைக்கிறவர்கள் உண்டு. மூடிய கண்ணாடி சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். உடற்சூடு 45 பாகையை நெருங்கினால் உயிராபத்து. வெயிலுக்குக் கொண்டுபோவதென்றால் வலைக்கூடு, அதில் கட்டாயம் நிழல், பக்கத்தில் ஓர் ஆள், மதிலில் காகம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு கண்.

யன்னல் திருடும் வெளிச்சம்

பையன் கண்ட அந்த விரல் துடிப்புக்கு வேறொரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களின் புகையிலும் குறுகிய தெருக்களிலும் வளர்ந்த பிள்ளைகளின் கால்கள் வில்லாய் வளைந்தன. ரிக்கற்ஸ் என்ற எலும்பு நோய். 1919இல் பேர்லின் மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நோயுற்ற பிள்ளைகளைப் புறஊதா விளக்கின் முன் வைத்தார். எலும்புகள் தேறின. ஒரு கையில் மட்டும் ஒளிபட்டாலும் மற்றக் கையின் எலும்பும் தேறியது. தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று குருதியில் கலந்து உடம்பெங்கும் போகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. அதுதான் விற்றமின் டி.

தாடி ஓணானுக்கும் அதே கணக்கு. புறஊதா பி கதிர் தோலிலுள்ள ஒருவகைக் கொலஸ்திரோலில் படுகிறது. தோலின் சூடு அதை விற்றமின் டி3 ஆக்குகிறது. ஈரலும் சிறுநீரகமும் இறுதி வடிவம் கொடுக்கின்றன. அது இருந்தால்தான் குடல் கல்சியத்தை உறிஞ்சும். இல்லாவிட்டால், இதயத்தையும் தசையையும் இயக்கத் தேவையான கல்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே கடன் எடுக்கும். முதலில் விரல்கள் துடிக்கும். பிறகு தாடை இறப்பர் போல வளையும், கால் வீங்கும், முதுகு கோணும். வளர்சிதை எலும்பு நோய் என்பது இதுதான். வீட்டில் வளரும் பல்லியினங்களை அதிகம் முடக்குவதும் இது.

சூரியன் ஏறத்தாழ உச்சிக்கே வரும் 7 பாகை அகலக்கோட்டில், புறஊதாக் கதிர் கொட்டிக்கிடக்கும் கொழும்பில், ஒரு பிராணிக்கு இந்த நோய் எப்படி வருகிறது? யன்னல் கண்ணாடியால். சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டு, புறஊதா பி கதிரில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடும். தொட்டி யன்னலோரம் பளிச்சென்று இருக்கும். எலும்பு இருட்டில் கரையும். ஆகவே ஊர்வனவற்றுக்கென்று செய்யப்பட்ட புறஊதா பி குழல்விளக்கு, இடையில் கண்ணாடி இல்லாமல், தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில், நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். குழல் பளபளவென்று எரிந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் புறஊதாக் கதிர் மட்டும் மாதங்களோடு வற்றிப்போகும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

கோப்பையில் என்ன இருக்கிறது

எலும்பின் மற்றப் பாதி சாப்பாட்டுக் கோப்பையில். சிள்வண்டிலும் புழுவிலும் பொசுபரசு கல்சியத்தைவிடப் பல மடங்கு அதிகம். தேவையோ அதற்குத் தலைகீழ். பூச்சியைக் கல்சியப் பொடியில் புரட்டிப் போடுவது அந்தக் கணக்கை நேராக்கத்தான். இலைவகையில் பசளி அடிக்கடி வேண்டாம். அதிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கொட்டாஞ்சேனை வளவுகளிலும் கிடைக்கும் முருங்கையிலை, செவ்வரத்தம்பூ, துருவிய பூசணி ஆகியவை நல்ல மாற்று. பூச்சிமருந்து அடித்ததா என்று பார்க்கவேண்டும். அவகாடோ கூடாது.

மின்மினி அறவே கூடாது. அமெரிக்காவில், வீட்டுக்காரர் ஆசையாய்ப் பிடித்துக் கொடுத்த மின்மினியைத் தின்று தாடி ஓணான்கள் செத்ததை 1999இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அந்த மின்மினிகளின் உடம்பில் தேரை நஞ்சை ஒத்த, இதயத்தைத் தாக்கும் பொருள் உண்டு. ஒரு பூச்சியே போதுமானது. அவற்றோடு பழகி வளர்ந்த பல்லியினங்கள் விலகிப்போகும். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்ததற்கு அந்த அச்சம் பரம்பரையில் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது, கூடாதது

சூடேறிய பிறகு நீர். குழிந்த கண்ணும், கிள்ளி விட்டால் மடிந்தபடியே நிற்கும் தோலும் நீரிழப்பின் அடையாளம். வெதுவெதுப்பான நீரில், முன்னங்கால் முட்டி மூழ்காத ஆழத்தில், பத்து நிமிடம் நிற்கவிடலாம். வாயோரம் துளித்துளியாய் நீர் வைக்கலாம். பலவீனமான பிராணி அரை அங்குல நீரிலும் மூழ்கிப்போகும் என்பதால் கண்ணை எடுக்கக்கூடாது. குளித்த பிறகு உலர்த்தித் தொட்டியில் விடவேண்டும். நம் ஈரக்காற்றில் நனைந்த தொட்டி பூஞ்சைக்கும் சளிக்கும் வாசல். ஊர்வனவற்றுக்கு நம்முடையது போன்ற பிரிமென்றகடு கிடையாது. நம்மைப்போல இருமிச் சளியை வெளியே தள்ள முடியாது. நெஞ்சுச் சளி கட்டினால் அது உள்ளேயே கிடக்கும்.

விளக்கின் கீழே வாயைப் பிளந்துகொண்டிருந்தால் பயப்படவேண்டாம், சூட்டை ஆற்றிக்கொள்கிறது. குளிர்ந்த மூலையிலும் வாய் திறந்திருந்தால், மூச்சில் சொடக்குச் சத்தம் கேட்டால், வாயோரம் கோழை தெரிந்தால் அது நோய். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவைப்பது எந்த மருந்தையும்விடப் பயனுள்ளது. பத்தில் ஒரு பங்கு எடை இறங்கினால் காத்திருக்கக்கூடாது. துடிப்பு, வளையும் தாடை, இழுபடும் பின்னங்கால், பின்புறத்தால் வெளித்தள்ளிய சதை, முட்டையிட முடியாமல் முக்கும் பெண் ஆகியவற்றில் எதையும் வீட்டு வைத்தியத்தால் தீர்க்க முடியாது. ஆண் துணையே இல்லாமலும் பெண் முட்டை வைக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

நாய்க்கு எழுதிய மருந்தை இதற்குக் கொடுப்பது பெரும் பிழை. நாய்க்கும் மாட்டுக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் ஐவர்மெக்ரின் என்ற புழு மருந்து ஆமைகளைக் கொல்லக்கூடியது. ஊர்வன என்ற ஒரே பெயருக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு. ஆகவே ஊர்வன பார்த்துப் பழகிய மிருக வைத்தியரைத் தேடவேண்டும். கொழும்பிலும் அப்படியானவர் சிலரே. நாட்டின் மிருக வைத்தியர்கள் உருவாகும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எந்த வைத்தியரிடம் போனாலும் மூன்று விவரங்கள் கையில் வேண்டும்: தொட்டியின் இரு முனைகளின் வெப்பநிலை, புறஊதாக் குழல் வாங்கிய மாதம், எடைக் குறிப்பு. நோயாளியின் பாதி உடம்பு வீட்டில்தானே கிடக்கிறது. அதன் அறிக்கை இது.

வீட்டாருக்கும் ஒரு சொல். நலமாக இருக்கும் தாடி ஓணானின் குடலிலும் சல்மனெல்லா இருக்கலாம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். அதன் கோப்பையைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் முதியவர்களும் அதைத் தூக்கிக் கொஞ்சாமலிருப்பதே நல்லது.

மதிலில் இருப்பவர்கள்

இவ்வளவையும் படித்துவிட்டு, வெளிநாட்டு ஓணான் எதற்கு, மதிலில் இருப்பதையே பிடித்து வளர்க்கலாமே என்று நினைக்கவேண்டாம். உள்நாட்டு ஊர்வனவற்றைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இலங்கையில் அகாமிடே குடும்பத்தில் மட்டும் இருபதுக்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. மூக்கில் கொம்பு முளைத்த ஓணான்கள் அவற்றில் அடக்கம். அவற்றின் அழகே அவற்றுக்கு வினையானது. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கள்ளமாகக் கடத்தப்பட்டன.

அதைத் தடுக்க இலங்கை கொண்டுவந்த பிரேரணைகள், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின், 2019 மே மாதம் கொழும்பிலேயே நடக்கவிருந்த மாநாட்டில் பேசப்பட்டிருக்கவேண்டும். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையை ஒட்டிய கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. அதனால் மாநாடு கைமாறி, ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் கூடியது. கொம்பு ஓணான்கள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. நம் வறள்வலயத்து நட்சத்திர ஆமை மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு ஏறியது. அந்த ஆமையும் வீடுகளுக்குள் அடைபட்டு, பிழையான உணவால் ஓடு கோணிப்போகும் பிராணிதான்.

தாடி ஓணானுக்கும் நம் மதில் ஓணானுக்கும் உள்ள உறவுமுறைக்கு இன்னொரு முகமும் உண்டு. தாடி ஓணான்களிடம் அகாமிட் அடினோவைரசு போன்ற தொற்றுகள் உலகளவில் பரவலாக இருக்கின்றன. வளர்க்க முடியவில்லை, பாவம் பிழைத்துப் போகட்டும் என்று வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் விட்டால், அது மழையில் சாகும். சாகுமுன் தன் சொந்தக்காரர்களுக்கு நோயைக் கொடுத்துவிட்டும் போகலாம்.

அந்த ஐந்தாம் மாடிப் பையனுக்கு ஒரு வீட்டுவேலை. விளக்கும் வெப்பமானியும் வாங்கிப் பொருத்தியபின், ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒழுங்கைக்கு இறங்கி வந்து எதிர் மதிலைப் பார்க்கட்டும். அங்கே ஓர் ஓணான் உடம்பைத் தட்டையாக்கி, நிறத்தைக் கருமையாக்கி, வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்கும். எட்டரைக்கு நிறம் வெளுத்து ஓரடி மேலே ஏறியிருக்கும். பத்து மணிக்கு முருங்கை நிழலில் இருக்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுகிறது என்று கொப்பியில் குறித்துக்கொண்டு மேலே போகட்டும். தொட்டிக்குள் கல்லை எங்கே வைப்பது, நிழலை எங்கே விடுவது என்பதற்கான அளவெல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கும்.